அவர் குரல் இருந்த இடம்

ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு கல்லூரியில் சில வருடங்கள் பாடம் நடத்தியிருக்கிறேன். அசெம்ப்ளி மொழியில் எழுதிய நிரல் எப்படி எந்திரத்துக்குள் போய் உட்காருகிறது என்பதுதான் என் பாடம். ரீலொகேஷன் என்ற பகுதி வந்துவிட்டால் வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கல்யாணப் பத்திரிகைக் கதையை ஆரம்பிப்பேன்.

முகூர்த்த மாதத்தில் மதுரையில் மண்டபம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆனால் பத்திரிகை அச்சுக்குப் போயாக வேண்டும். அச்சகத்துக்காரர் என்ன செய்வார்? மண்டபத்தின் விலாசம் வர வேண்டிய இடங்களையெல்லாம் காலியாக விட்டுவிட்டு, ‘மேலே ஓர் இடம், அடியில் ஓர் இடம், கவர் மேல் ஓர் இடம், முடிவானதும் நிரப்பவும்’ என்று ஒரு சீட்டு எழுதிக் கூடவே குத்தி வைப்பார். நாம் எழுதிய நிரலை எந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றும் அசெம்ப்ளர் செய்வதும் இதையேதான். ஒரு கோப்பில் இருக்கும் நிரல் வேறொரு கோப்பில் இருப்பதைக் கூப்பிடுகிறது. அது மெமரியில் எங்கே உட்காரப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதனால் அந்த இடத்தில் பூஜ்யத்தைப் போட்டுவிட்டு, இந்தப் பெயருக்குரிய விலாசத்தை இங்கே நிரப்பு என்று சீட்டு எழுதி வைக்கும். கடைசியாக லிங்கர் என்ற இன்னொரு மென்பொருள் வந்து எல்லாக் கோப்புகளையும் வரிசையாக அடுக்கும். யார் எங்கே என்று முடிவு செய்துகொண்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காலி இடங்களை நிரப்பும். சில சீட்டுகள் முழு விலாசம் கேட்கும். சில, இங்கிருந்து எவ்வளவு தள்ளி என்று மட்டும் கேட்கும். அந்தச் சீட்டுதான் ரீலொகேஷன். இவ்வளவுதான் விஷயம், இதற்கா கொட்டாவி என்று முடிப்பேன்.

வீட்டில் என் கணவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். “அம்புட்டுப் பயலுகளுக்கும் பத்திரிகை வச்சே பாடம் நடத்துறியே டீச்சரம்மா, ஒருத்தனுக்காச்சும் கல்யாணம் ஆச்சா?”

பிறகு நான் வேலையை விட்டுவிட்டு அவர் தொழிலிலேயே சேர்ந்துகொண்டேன். ஒத்தக்கடையில் ஒரு மாடி அறை. கிணற்று மோட்டாருக்குப் பெட்டி செய்வது எங்கள் தொழில். பெட்டிக்குள் ஒரு சின்னச் சிப், ஒரு சிம் கார்டு. வயலுக்குக் கரண்ட் வந்ததும் பெட்டி சம்சாரியின், அதாவது விவசாயியின், செல்போனுக்கு அடித்துச் சொல்லும். அவர் படுத்த இடத்திலிருந்தே ஒன்றாம் எண்ணை அமுக்கினால் மோட்டார் ஓடும். கிணற்றில் தண்ணீர் வற்றினால் பெட்டி தானே மோட்டாரை நிறுத்திவிட்டு, மறுபடி போன் போட்டுச் சொல்லும். நிரலை அவர் அசெம்ப்ளியில்தான் எழுதுவார். விலை குறைந்த சிப்பில் வேறு மொழியில் எழுதினால் அதற்கு மூச்சு முட்டும் என்பார்.

பெட்டி பேசும் குரல் அவருடையது. மாடி அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு வியர்க்க விறுவிறுக்கப் பதிவு செய்தார். கரண்ட் வந்துருச்சு, ஒண்ண அமுக்குங்க. மோட்டார் ஓடுது. கெணத்துல தண்ணி இல்ல, மோட்டார நிப்பாட்டிட்டேன். மூன்றே வாக்கியங்கள்.

“நிப்பாட்டிட்டேன்னு சொல்றீங்களே, நீங்களா போயி நிப்பாட்டுனீங்க?” என்று கேட்டேன்.

போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். “பெட்டி நிப்பாட்டுச்சுன்னு சொன்னா சம்சாரி நம்ப மாட்டாரு. நான் நிப்பாட்டிட்டேன்னு சொன்னாத்தான் திரும்பிப் படுப்பாரு.”

அது உண்மைதான். பல பேர் அந்தக் குரலுக்குப் பதிலே சொல்வார்கள். ‘சரிண்ணே’ என்று பெட்டியிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார்கள். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

போன ஆடியில் ஒருநாள் காலையில், வில்லாபுரத்திலிருக்கும் தன் தம்பியைப் பார்க்கப் போனவர் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு மனிதர் போய்விட்டால், அவரை எங்கெங்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று யாரும் சீட்டு எழுதி வைப்பதில்லை. ஒவ்வோர் இடமாக நாமே போய் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். சிலிண்டருக்குப் பதிவு செய்தால் ரகசிய எண் அவர் போனுக்குப் போனது. சம்சாரிகள் கூப்பிட்டு, “அண்ணே இல்லீங்களா?” என்று கேட்டார்கள். ஊறுகாய் ஜாடியின் மூடி திறக்கவில்லை என்று “ஏங்க” என்று கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகு அந்த ஜாடியைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அவர் மேலேயே எனக்குக் கோபம். சொல்லாமல் கொள்ளாமல் போனதற்கு.

சில மாதங்களில் நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த சிப் வருவது நின்றுபோனது. அதற்குப் பதிலாக வந்த சிப்பில் மெமரியின் அமைப்பே வேறு. பழையதில் முன்னால் இருந்தவை இதில் பின்னால் போக வேண்டும். குரல் இருந்த பகுதியும் இடம் மாற வேண்டும். பெட்டிகளை வயல்களில் மாட்டிக் கொடுக்கும் வேலையை வில்லாபுரத்துத் தம்பி, என் கொழுந்தன்தான் பார்த்துக்கொண்டார்.

“மதினி, இதோட கொரலையும் மாத்திருவோமா? தெரிஞ்ச புள்ள ஒண்ணு இருக்கு, அழகாப் பேசும்” என்றார்.

“என் வாயக் கிண்டாதீங்க தம்பி. அந்தக் கொரல்ல கை வச்சா தொழிலையே இழுத்து மூடிருவேன்.”

அவர் மாடிப்படி இறங்கிப் போனார். நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் இருந்தேன். கல்யாண வீடியோவிலும் அவர் குரல் இருக்கிறது. ஆனால் அதில் பேசுகிறவர் என்றோ முடிந்துபோன ஒரு நாளில் நின்று பேசுகிறார். பெட்டிக்குள் இருப்பவர் இன்றைக்கு வந்த கரண்டை இன்றைக்குச் சொல்கிறார். அவர் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் மிச்சம். பழைய பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகும். அவற்றின் இடத்துக்குப் புதியவை போகும். புதியதில் அவர் குரல் இல்லையென்றால் கொஞ்ச காலத்தில் எங்கேயும் இருக்காது.

புதிய சிப்புக்கு எல்லாவற்றையும் மறுபடி லிங்க் செய்தேன். முதல் வாக்கியம் சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. தண்ணீர் இல்லை என்பதைச் சோதிக்க, வாளித் தண்ணீரில் கிடந்த, தண்ணீர் இருப்பதை உணரும் ஒயரை வெளியே தூக்கினேன். போன் அடித்தது. எடுத்தால் கர்ரென்று வெறும் இரைச்சல்.

எங்கே தப்பு என்று தெரியாமல் நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். லிங்கரைத் திட்டினேன், சிப்பைத் திட்டினேன், சிப்பைக் கொடுத்த கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். கடைசியில் அது அவர் எழுதிய ஒரு வரியில் கிடைத்தது. மற்ற இரண்டு வாக்கியங்களையும் அவற்றின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். மூன்றாவதற்கு மட்டும் பெயரை எழுதாமல், அது அன்றைக்கு மெமரியில் இருந்த இடத்தின் எண்ணைக் கையால் எழுதிவிட்டார். பழைய சிப்பில் அந்தக் குரல் ஒருநாளும் இடம் மாறவில்லை; அதனால் இத்தனை வருடம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பெயரை எழுதினால்தான் அசெம்ப்ளர் சீட்டு எழுதும். வெறும் எண்ணாக எழுதினால் சீட்டு கிடையாது. சீட்டு இல்லாத இடத்தை லிங்கர் திரும்பிக்கூடப் பார்க்காது. குரல் புது இடத்துக்குப் போன பிறகும், அந்த ஒரு வரி மட்டும் பழைய இடத்திலேயே அதைத் தேடிக்கொண்டிருந்தது.

“புத்தி எங்கங்க போச்சு? ஊருக்கெல்லாம் இதத்தானே நான் பாடம் நடத்துனேன், வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு நீங்க இப்படி எழுதி வச்சிருக்கீங்களே” என்று திரையைப் பார்த்துத் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். அவர் போன பிறகு அவரைத் திட்டுவதற்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்தது அன்றைக்குத்தான். எண்ணை அழித்துவிட்டுப் பெயரை எழுதினேன். மறுபடி லிங்க் செய்து, வாளியிலிருந்து ஒயரைத் தூக்கினேன். கெணத்துல தண்ணி இல்ல, மோட்டார நிப்பாட்டிட்டேன் என்றார். ஒயரை வாளிக்குள் போடுவதும் தூக்குவதுமாக அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நினைவே வரவில்லை.

புதிய பெட்டிகளில் முதலாவது திருவாதவூருக்குப் போனது. அங்கே ஒரு சம்சாரி, என் கணவருக்கு நெருங்கிய சிநேகிதர். வயதில் மூத்தவர். இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். என் கணவர் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், இடி விழுந்து அந்தச் சிநேகிதருடைய பழைய பெட்டி எரிந்துபோயிருந்தது. என் கணவர் போனதில் வேலை நின்றதாலும், பிறகு சிப் கிடைக்காததாலும் அதுவரை பெட்டி இல்லாமலே சமாளித்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் போய் மாட்டிவிட்டு வந்தார். சில வாரங்களில் அந்த வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டு, பெட்டி வேலை செய்யவில்லை, ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்றார். மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

பெட்டியில் ஒரு குறையும் இல்லை. சுவிட்சை அணைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் கத்திரிச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு, “இதுக்கா என்னய இம்புட்டுத் தூரம் வரச் சொன்னீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “கோவிச்சுக்காத தாயி. இவுகதேன் அமத்தி வச்சிட்டாக. மொத நாளு கரண்ட் வந்து போன் அடிச்சுச்சு. எடுத்தாக. ஒன் வீட்டுக்காரரு கொரலு. நெனப்பு தடுமாறிப் போயி, ‘மாப்ள, எங்கய்யா இருக்க’ன்னு கேட்டுப்புட்டாக. அது ஒண்ண அமுக்குங்க, ஒண்ண அமுக்குங்கங்குது. இவுக திரும்பத் திரும்பக் கேக்குறாக, அதுவும் அதையே சொல்லுது. அன்னைக்குப் பூராம் கஞ்சி குடிக்கல.”

அந்தச் சிநேகிதர் மோட்டார் அறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “அவன் பேசிக்கிட்டு இருக்கையில, ஒண்ண அமுக்கிட்டு நாம்பாட்டுக்கு எந்திரிச்சுப் போக மனசு வரமாட்டேங்குது தாயி. செடி காஞ்சாலும் காயட்டும்னு அமத்திப்புட்டேன்.”

“நீயே பேசி வையி தாயி. ஒங் கொரலுன்னா எடுத்துருவாக” என்றார் அந்த அம்மா.

பெட்டியின் கதவை மூடிவிட்டு வண்டியை எடுத்தேன். அங்கேயே நின்றால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. திரும்பி வரும்போது யானைமலை கண்ணில் பட்டதும் வண்டியை ஓரம் கட்டி, பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போகிற வரைக்கும் அழுதேன். அந்தக் குரல் எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். நான் அதை வைத்துக்கொண்டு ஆறுதல்பட்ட ஒவ்வொரு நாளும், அது இன்னொருவரைப் போய் அறுத்திருக்கிறது. கொழுந்தனிடம் கேட்டபோது, வேறு சிலரும் இப்படித்தான் சொன்னார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“ஏன் தம்பி என்கிட்ட சொல்லல?”

“எப்படி மதினி சொல்றது? தொழிலையே மூடிருவேன்னீங்க.”

ஃபேனை நிறுத்தினேன். போர்வையைப் போர்த்திக்கொண்டேன். அவர் சொன்ன அதே மூன்று வாக்கியங்கள். நிப்பாட்டிட்டேன் என்ற இடத்தில் மட்டும் குரல் உடைந்துகொண்டே இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லி, உடையாத ஒன்றை எடுத்துக்கொண்டேன். கோப்பில் அவர் குரலுக்கு இருந்த அதே மூன்று பெயர்களுக்குக் கீழே என் குரலை வைத்தேன். நிரலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெயர்களைக் கூப்பிடும் இடங்களெல்லாம் தாமாகவே என்னிடம் வந்து சேரும்.

லிங்க் செய்தேன். லிங்கர் ஒரு வார்த்தை சொல்லாமல் முடித்துக்கொடுத்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையால் எழுதிய அந்த எண்ணை அழிக்காமல் விட்டிருந்தால், ஓர் இடமாவது இன்னும் அவர் இருந்த இடத்திலேயே போய்த் தேடிக்கொண்டிருக்கும். கிடைப்பது இரைச்சல் என்றாலும் தேடிக்கொண்டிருக்கும். அதை நான்தான் சரி செய்துவிட்டேனே.

வாளியிலிருந்து ஒயரைத் தூக்கினேன். போன் அடித்தது. கெணத்துல தண்ணி இல்ல, மோட்டார நிப்பாட்டிட்டேன் என்று நானே எனக்குச் சொன்னேன்.