தண்ணீர் டேங்க் பக்கத்தில் நிற்கும் பெண்

ஃப்ளெக்ஸ் அடிக்கும் தொழிலில் கஸ்டமர் என்ன விற்கிறார் என்பது இரண்டாவது கேள்வி. பக்கத்தில் எந்தப் பெண்ணை நிறுத்துவது என்பதுதான் முதல் கேள்வி.

ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் ராத்திரி மெஷின் பார்ப்பவன் நான். சாயங்காலம் உள்ளே போனால், காலையில் கம்பெனி பஸ்கள் ஓட ஆரம்பிக்கும்போது வெளியே வருவேன். டிசைன் வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மெஷின் ஓடும் நேரத்தில் தூங்கிவிடாமல் இருக்க நானாக நோண்டிக் கற்றுக்கொண்டது. டிசைன் ஓரளவு வந்தது. தூக்கம்தான் பகலிலும் வராமல் போய்விட்டது. ஜவுளிக்கடை வாசலில் பொம்மைக்குச் சேலை கட்டுகிறவர்கள், வாரப் பத்திரிகைக்கு அட்டைப்படம் தேடுகிறவர்கள், நகைக்கடைக்காகக் கழுத்தை மட்டும் படம் பிடிக்கிறவர்கள், உங்களில் யாருக்கும் பெண்ணை நிறுத்தி விற்கும் இந்த வேலை புதிதாக இருக்காது. நாமெல்லாம் ஒரே வியாதிக்காரர்கள்.

கம்பெனி பஸ் ஜன்னலில்

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், கம்பெனி கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு பெண் கடைக்குள் வந்தாள். பேர் நாகவேணி. நாட்றாம்பாளையத்துப் பெண். இங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லைனில் வேலை, மூன்று பெண்களோடு சேர்ந்து ரூம். செல்லில் ஒரு படத்தைக் காட்டினாள். ரிங் ரோட்டில் நிற்கும் பெரிய போர்டு. அதில் ஒரு கறுப்புத் தண்ணீர் டேங்க். டேங்க்கில் சாய்ந்தபடி, ஈரச்சேலையில் இடுப்பு தெரிய ஒரு பெண். மெஷினில் அதை ஓட்டியது நான்தான். ஈரச்சேலை என்றால் நீல மை அதிகம் போகும் என்பதால் நினைவிருந்தது. படத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். ஒரே முகம்.

ஊரிலிருந்து வந்த அவளுடைய அண்ணன் பஸ்ஸிலிருந்தே அதைப் பார்த்துவிட்டார். திரும்பிப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறார்களாம். அது அவள்தான் என்றால் அன்றைக்கே ரூமைக் காலி செய்து, வேலையை விட்டு, அவர்களோடு பஸ் ஏறிவிட வேண்டும். அழாமல்தான் சொன்னாள். ஏதோ பார்ட்டில் பழுது கண்டுபிடித்தவள் மாதிரி படத்தைப் பெரிசாக்கிக் கழுத்தருகே விரலை வைத்தாள்.

"பஸ்ல எல்லாரும் ஒரே பக்கமா திரும்பிப் பாக்கறாங்கன்னு நானும் திரும்பிப் பாத்தேங்ணா. மூஞ்சி என்னுது. ஒடம்பு யாருதுண்ணா?"

தலை மாத்துறது

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்கள் தொழிலில் இருக்கும் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தலை மாத்துறது என்போம். மாப்பிள்ளைக்குக் கோட்டு இல்லை என்றால் கோட்டுப் போட்ட யாரோ ஒருவர் உடம்பில் மாப்பிள்ளை தலையை வைப்போம். செத்துப்போனவருக்கு நல்ல போட்டோ இல்லை என்றால் வேட்டி சட்டையில் உட்கார்ந்திருக்கும் ஒரு உடம்பு தயாராக இருக்கிறது. இந்த வட்டாரத்தில் பல பேர் அதே உடம்போடுதான் கண்ணீர் அஞ்சலி பெற்றிருக்கிறார்கள். கேட்டுத்தான் செய்வோம், காசு கொடுத்துத்தான் செய்துகொள்வார்கள். யாருக்கும் வருத்தமில்லை.

நாகவேணி முன்பு ஒரு தடவை தன் தங்கை கல்யாணத்துக்குப் பேனர் அடிக்க எங்களிடம் வந்திருக்கிறாள். குடும்பப் போட்டோ கம்ப்யூட்டர் முகப்பிலேயே கிடந்தது. டேங்க் வியாபாரி சிவப்பா, மாடல் பெண்களைப் பார்த்து அலுத்துப்போய், அந்தப் போட்டோவில் நாகவேணி மேல் விரலை வைத்து "இந்த மாதிரி வீட்டுப் பொண்ணு முகம் வேணும்" என்றிருக்கிறார். டிசைனர் தஸ்லீம் "யார் சார் இவங்க, கேக்க வேணாமா?" என்று ஓனரிடம் கேட்டிருக்கிறாள். தஸ்லீமுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். அதற்குமேல் கேட்காமல் தலையை மாற்றிக் கொடுத்துவிட்டாள். ஓனர் முனிராஜிடம் அன்றைக்கே நாகவேணியைக் கூட்டிப்போய் நிறுத்தினேன். அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கடைக்கு வந்த போட்டோ கடை போட்டோப்பா. இதுக்கெல்லாம் போர்டை எறக்கினா ஊர்ல ஒரு போர்டும் நிக்காது."

லேடீஸ் ஃபோல்டர்

சரி, உடம்பு யாருடையது? எங்கள் கம்ப்யூட்டரில் 'லேடீஸ்' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே சேலை, சுடிதார், சிரிப்பு, ஈரம் என்று தனித்தனி அறைகள். எங்கிருந்து வந்தவர்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் பென்டிரைவில் கைமாறி வந்தவர்கள். தொலைபேசியைக் காதில் வைத்துச் சிரிக்கும் ஒரு பெண், போன வருஷம் மட்டும் பல் டாக்டர், சிமெண்ட், கோழித்தீவனம், மூலம் பவுத்திரம் எல்லாவற்றையும் சிரித்தபடி விற்றாள்.

ஒரு தடவை போர்வெல் லாரிக்காரர் ஒருவர் வாரப் பத்திரிகையின் நடுப்பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். இந்த மாதிரிப் பெண் வேண்டும் என்றார். லாரியும் ட்ரில்லும் பெரிதாகத் தெரிய வேண்டாமா என்று கேட்டேன். வாழ்க்கையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டியவர் போல மெதுவாக விளக்கினார்.

"லாரி எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. தோட்டத்துக்காரன் எந்த போர்டைப் பாத்து வண்டிய நிறுத்தறானோ, அங்கதான் அவனுக்குத் தண்ணி கெடைக்கும்."

ஒட்டு விழும் இடம்

பெரிய போர்டு ஒரே துண்டாக வராது. பட்டை பட்டையாக அடித்து ஒட்டுவோம். ஒட்டுக் கோடு எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்வது மெஷின்காரன். ஒரு நைட்டிக்கடைக்காரர் அதைப் பற்றி மட்டும் எனக்கு முழுசாக ஒரு வகுப்பு எடுத்தார். முகத்தில் விழக்கூடாது, நெஞ்சில் விழக்கூடாது, இடுப்பில் விழவே கூடாது. அப்படியென்றால் நைட்டியில்தான் விழும் என்றேன். விழட்டும் என்றார்.

ஒட்டும்போது ஃபிட்டர் ஒரு பட்டையைக் கீழே இறக்கி ஒட்டிவிட்டார். மேலே ஒரு பெண், கீழே அவளைவிட ஒரு சாண் தள்ளி இன்னொரு பெண். இரண்டுக்கும் நடுவில் உடம்பே இல்லாத ஒரு இடம், மொத்தத்தில் ஆள் நீண்டுபோயிருந்தாள். கடைக்காரர் சண்டைக்கு வருவார் என்று ஓனர் கடைக்கு வராமலே இருந்தார். கடைக்காரர் வந்தார், டீ வாங்கிக் கொடுத்தார்.

"நல்லா ஒல்லியா காட்டிட்டீங்க. என் வீட்டுக்காரி கூட இப்பிடி ஆவணும்னு சொல்றா."

மறுபக்கம்

பழைய ஃப்ளெக்ஸைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. வெங்காய லாரிக்கு மூட, குடிசைக்கு மேலே போட. ஒருநாள் காலையில் கட்டட வேலைக்கு வந்த ஒரு அம்மா, குளிக்கிற மறைப்புக்கு வேண்டும் என்று கேட்டார். மடித்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். சோப்பு விளம்பரம். தோள் வரைக்கும் நுரையோடு ஒரு பெண்.

அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே வரும்படி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். படம் கெட்டுப்போகாமல் இருக்கத்தான் என்று நினைத்து, வெளிப்பக்கம் இருந்தாலும் மழைக்கு ஒன்றும் ஆகாது என்றேன்.

"மழைக்கில்லீங்க. உள்ள குளிக்கறது நானு. வெளிய அவள நிக்க வெச்சா, நிக்காம போறவனும் நிப்பான்."

சிவப்பா கடையில்

செவ்வாயும் போனது. புதன்கிழமை நாகவேணி லீவு போட்டாள். நான் தூங்க வேண்டிய நேரத்தில் அவளோடு சிவப்பாவின் டேங்க் கடைக்குப் போனேன். வாசலெல்லாம் டேங்க்குகள். சிவப்பா பாதி தமிழும் பாதி கன்னடமும் பேசுகிறவர். கெட்ட மனுஷர் இல்லை. எங்களுக்கு மோர் வரவழைத்தார். போர்டைப் பற்றிப் பேச்செடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எடுக்க வேண்டும் என்றதும் "பேடா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டாமெனத் தலையாட்டினார். அத்திப்பள்ளியிலிருந்துகூட ஆட்கள் போர்டைப் பார்த்துவிட்டு வருகிறார்களாம்.

"அந்தப் பொண்ணு வந்து கேக்குதுங்க" என்றேன்.

"எந்தப் பொண்ணு?"

"போர்டுல இருக்கற பொண்ணு."

அவர் செல்லை எடுத்துப் படத்தைப் பார்த்தார். எதிரே, மோர் டம்ளரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கும் நாகவேணியைப் பார்த்தார். மறுபடியும் படம். மறுபடியும் அவள். நான் காத்திருந்தேன். வாரக்கணக்கில் தன் டேங்க் பக்கத்தில் நிற்கும் முகம் ஒரு கை தூரத்தில் நிற்கிறது. சிவப்பா செல்லைப் பையில் போட்டுக்கொண்டு அவளிடம் அன்பாகக் கேட்டார்.

"நீ யாரும்மா, உனக்கு எத்தனை லிட்டர் வேணும்?"

பேட்ச்

அவருக்கு அடையாளமே தெரியவில்லை என்பது எங்களுக்கு ஒரு வழி காட்டியது. வெளியே வந்தபோது நாகவேணிதான் கேட்டாள், அச்சில் போன் நம்பர் தப்பாக விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று. பேட்ச் போடுவோம் என்றேன். சரியான நம்பரைத் தனித் துண்டாக அடித்து மேலே ஒட்டிவிடுவோம். அவள் செல்லில் இருந்த படத்தில் தன் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்தாள். என்னையே பார்த்தாள். நான் திரும்பி உள்ளே போனேன்.

புதிதாக வந்திருக்கும் மூன்று அடுக்கு டேங்க் போர்டில் இல்லையே என்று சிவப்பாவிடம் சொன்னேன். கடைக்காரர்களுக்கு இலவச பேட்ச் என்றால் மறுக்க மனசு வராது. ஆனால் எங்கே இடம் இருக்கிறது என்று யோசித்தார். மேலே இருக்கிறது என்றேன். மேலே முகம் இருக்கிறதே என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் இரண்டே நிபந்தனைதான் போட்டார்.

"போன் நம்பர் மேல வேணாம் குரு. இடுப்பு மேல வேணாம். மத்தது உன் இஷ்டம்."

மேலே நானும் கீழே அவளும்

தஸ்லீம் அந்த டேங்க்கைத் தலைமுடி ஒன்றுகூட வெளியே தெரியாத அளவுக்குச் செய்து கொடுத்தாள். அதற்கு அவள் எடுத்துக்கொண்ட கவனம், ஓனர் சொன்ன எந்த வேலைக்கும் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை விடிந்ததும் நானே ஏணியில் ஏறினேன். கீழே நின்று பார்க்கும்போது முகமாக இருப்பது, கிட்டே போனால் வெறும் புள்ளிகள். அவளுடைய ஒரு கண் என் தலை அளவு இருந்தது.

நாகவேணி கம்பெனி கோட்டோடு ரோட்டோரம் நின்று, "இன்னும் மேலண்ணா... எடது பக்கம் தாடை தெரியுது... கொஞ்சம் எறக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தின் மேல் பசை தடவிக்கொண்டிருந்தேன். அவளுடைய கம்பெனி பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஒரு பெண் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏய் நாகு, ஏறுடி, லேட்டாவுது. உன் மூஞ்சியத் தொடைக்கறதுக்கு இவ்ளோ நேரமா?"

ஞாயிற்றுக்கிழமை

அண்ணனும் மாமாவும் வந்தார்கள். நான் அங்கே இல்லை, நாகவேணி சொன்னதுதான். மூன்று பேரும் போர்டுக்குக் கீழே நின்றார்களாம். மேலே ஈரச்சேலையில் ஒரு உடம்பு, கழுத்துக்கு மேல் மூன்று அடுக்கு டேங்க். மாமா அண்ணனைத் திட்டியிருக்கிறார், பஸ் செலவு தண்டம் என்று. பிறகு அவள் ரூமுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேரும் தேன்கனிக்கோட்டை பஸ் பிடித்துத் திரும்பிப் போனார்கள். அவள் திங்கட்கிழமை வேலைக்குப் போனாள்.

சிவப்பாவும் போன் செய்தார். தலை இல்லாததைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்துகொண்டே எடுத்தேன். புது டேங்க் நன்றாக எடுபடுகிறது, இன்னும் இரண்டு போர்டுக்கு இதே டிசைன் வேண்டும் என்றார். தலை வேண்டாமா என்று நான் கேட்கவில்லை.

இதை நாகவேணியிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், அவளும் சிரிப்பாள் என்று. அவள் ஷிப்ட் முடிந்து போர்டு நிற்கும் வழியாகத்தான் வந்திருந்தாள். கடை வாசலில் நின்றபடி அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டாள்.

"என்னை எறக்கிட்டீங்கண்ணா. அவ இன்னும் அங்கியேதான் நிக்கறா. அவளுக்கு அண்ணன் தம்பி யாரும் அந்த பஸ்ல வரமாட்டாங்களா?"

இத்தனை வருஷம் மெஷின் ஓட்டியதில் நான் தெரிந்துகொண்டது, எங்கள் தொழிலில் முகத்துக்கு மட்டும்தான் எப்போதாவது சொந்தக்காரர்கள் வந்து கேட்கிறார்கள்.