திறந்த கதவைத் தட்டுகிறவள்

திறந்து கிடக்கும் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள் எஸி. நான் உள்ளே, என் சிகையலங்காரக் கடையில், ஒருத்தியின் தலைமுடியைச் சுருள் கட்டைகளில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு என்னைத் தெரிகிறது, எனக்கும் அவளைத் தெரிகிறது. இருந்தும் தட்டுகிறாள். "உள்ள வாயேன்டி, உன்னை யாரு கட்டிப் போட்டா?" என்று நான் கத்திய பிறகுதான் குடையை மடக்கிக்கொண்டு படியேறுவாள். எங்கள் தெருவில் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டு வகை. கரண்ட்டைத் துண்டிக்க வருகிறவர் ஒன்று, சாவுச் செய்தி கொண்டு வருகிறவர் மற்றொன்று. இத்தனை வருடம் ஆகியும் எஸி தட்டும்போது என் கை சுருள் கட்டையோடு ஒருமுறை நின்றுவிடத்தான் செய்கிறது.

எஸி கானா நாட்டுக்காரி. இங்கே, ஹைத்தியை ஒட்டிய எங்கள் நாட்டில், சாந்தியாகோ நகரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நெட்டையான உடம்பு, வளையாத முதுகு. தலையில் முடி என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஒட்ட வெட்டிவிடுவாள். நான் பிழைப்பதே சுருட்டை முடியை நீட்டிக்கொடுத்து. என் வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலேயே இப்படி ஒரு தலையா! வந்த புதிதில் ஆசையாகத்தான் சொன்னேன்: "கொஞ்சம் வளர விடு. எவ்வளவு கெட்ட முடியா இருந்தாலும் நான் பட்டு மாதிரி ஆக்கித் தர்றேன்."

எஸி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "கெட்ட முடியா? யாரைக் கெடுத்துச்சு?"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று இரவு உணவுக்கு உட்கார்ந்தபோதும் அந்தக் கேள்வி விட்டுப் போகவில்லை.

எதைக் கண்டாலும் அதிர்ந்து போகிறவள் அவள். அதிர்ந்தால் கோபப்பட மாட்டாள், கத்த மாட்டாள். வலது கையை லேசாக உயர்த்தி, "ஒரு நிமிஷம். எனக்குப் புரிய வையுங்க" என்பாள். தெருமுனை மளிகைக்கடை எலிஹியோ முதல் நாளே அவளிடம், "சொல்லு கறுப்பி, என் உசுரே, என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறார். கை உயர்ந்துவிட்டது. "ஒரு நிமிஷம். எனக்குப் புரிய வையுங்க. நீங்க என்னைத் திட்டுறீங்களா, கொஞ்சுறீங்களா?"

எலிஹியோ வெலவெலத்துப் போனார். "முட்டை எத்தனைன்னுதான் தாயி கேட்டேன்!"

குண்டாக இருப்பவனைக் குண்டா என்றும், காலை இழுத்து நடப்பவனை நொண்டி என்றும் கூப்பிட்டு, அதே மூச்சில் காப்பியும் ஊற்றிக் கொடுக்கிற ஊர் இது. எலிஹியோ எஸியைவிட ஒரு பிடி கூடுதலாகவே கறுப்பு. கேட்டால், "நான் கறுப்பா? நான் இந்தியோ, தாயி" என்பார். மாநிறக்காரர்கள் என்பதற்கு எங்கள் சொல் அது. கறுப்பு என்பதை நாங்கள் கொஞ்சுவதற்கு வைத்திருக்கிறோம். நிஜமான கறுப்பர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், ஹைத்தியில் இருக்கிறார்கள் என்பது எங்கள் எண்ணம்.

நேரத்தை நம்புகிறவள் என்பது அவளுடைய இன்னொரு கோளாறு. என் மகள் பிறந்தநாளுக்கு நாலு மணிக்கு வரச் சொன்னேன். நாலு மணிக்கே வந்து தட்டினாள். நான் தலையில் துண்டோடு போய்த் திறந்தேன். கேக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆளில்லாத நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கூட்டம் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. "நாலு மணின்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். "சொன்னேன்டி. அதுக்காக நாலு மணிக்கேவா வருவாங்க?"

அவளுக்கு டெங்கு வந்தபோது எதிர்வீட்டு வயதான அம்மாள் தோன்யா குருசித்தா ஆடும் நாற்காலியோடு போய் அவள் படுக்கையறையில் குடியேறிவிட்டார். நெஞ்சில் தைலம் தேய்த்தார், கோழிச் சூப்பை ஊதி ஊதி ஊட்டினார். தெருவே கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து தொலைக்காட்சியில் பேஸ்பால் பார்த்தது. காய்ச்சலிலும் எஸியின் கை எழுந்தது. "எனக்குக் கொஞ்சம் தனியா இருக்கணும் போல இருக்கு..."

"தனியாவா?" குருசித்தா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். "நோயாளியைத் தனியா விடுறதுக்கு நாங்க என்ன மிருகமா? வாயைத் திற, என் கண்ணு."

தேறி எழுந்த பிறகு எஸி அவரை மாமி என்று, எங்கள் பேச்சில் அம்மா என்று, கூப்பிட ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் வீட்டிலிருந்து சோறும் பீன்ஸும் மூடிய தட்டில் அவளுக்குப் போகும்.

போன ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் மூன்று பேரும் எல்லையில் இருக்கும் தஹபோன் சந்தைக்குப் போனோம். நான் கடையில் வைத்து விற்க மூட்டையாக வரும் பழைய துணி வாங்கினேன். குருசித்தா பூண்டு வாங்கினார். எஸி எதையும் வாங்காமல் சந்தை முழுக்கச் சுற்றினாள். தன் ஊருக்கே வந்த மாதிரி இருக்கிறது என்றாள். திரும்பி வரும் வழியில் சாலைச் சோதனையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஹைத்தியிலிருந்து அனுமதியில்லாமல் வருகிறவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிற சோதனை அது. ஒரு சீருடைக்காரன் ஏறினான். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அரிசியில் கல் பொறுக்குகிறவளைப் போல முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். கடைசி வரிசையில் மஞ்சள் ரவிக்கை போட்ட ஒரு பெண்ணைக் காட்டி, "நீ, இறங்கு" என்றான். திரும்பும்போது எஸியைப் பார்த்தான். "நீயும்."

"ஒரு நிமிஷம். எனக்குப் புரிய வையுங்க. எதைப் பார்த்து என்னை இறங்கச் சொல்றீங்க?"

"இறங்குன்னா இறங்கு."

பஸ்ஸே எழுந்து நின்றுவிட்டது. குருசித்தா தொண்டை கிழியக் கத்தினார்: "டேய், உன் கண்ணு அவிஞ்சு போச்சா? எங்க வீட்டுப் பொண்ணுடா அது! டீச்சர்! இங்கிலீஷ் பேசுறவ! ஹைத்திக்காரி இல்ல!" டிரைவர் ஹாரனை அழுத்தினான். நானும் கத்தினேன். எஸி இறங்கிப் போய்ப் பாஸ்போர்ட்டை நீட்டினாள். அவன் புரட்டினான். முகம் கனிந்துவிட்டது.

"ஆப்பிரிக்காவா? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர்? போய் உட்காருங்க, என் ராசாத்தி."

எஸி ஏறவில்லை. மஞ்சள் ரவிக்கைப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தன் வசிப்பு அனுமதி அட்டையை நீட்டியபடி நின்றாள். வாங்கத்தான் ஆளில்லை. "கார்டு இருக்கு சார். என் பேரு மிர்லாந்த். சாந்தியாகோவுல வீட்டு வேலை பாக்குறேன். புள்ளையைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன் சார்."

"எல்லாம் போலி. லாரியில ஏறு."

சாலையோரம் கம்பி அடித்த லாரி ஒன்று நின்றது. உள்ளே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். கம்பிக்கு வெளியே விரல்கள் மட்டும் தெரிந்தன.

"அவங்க கார்டை நீங்க பாக்கவே இல்லையே" என்றாள் எஸி.

"டீச்சர், இது உங்க விஷயம் இல்ல."

"ரெண்டு பேரையும் ஒரே காரணத்துக்குத்தானே இறக்கினீங்க? என்னோடதைப் பாத்தீங்க. அவங்களோடதையும் பாருங்க."

பஸ்ஸுக்குள் காற்று மாறிவிட்டது. "வாம்மா டீச்சர், வெயில் கொளுத்துது" என்று ஒருவர். "நேரமாகுது" என்று இன்னொருவர். நேரமாம்! எங்கள் ஆட்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். குருசித்தா ஜன்னலில் தலையை நீட்டி, "மகளே, ஏறிடு. அவ ஹைத்திக்காரி, அது வேற" என்றார். குரலில் கடுமை துளிகூட இல்லை. சூப் ஊட்டிய அதே குரல்.

சீருடைக்காரன் மிர்லாந்தின் கையைப் பிடித்து லாரிப் பக்கம் இழுத்தான். எஸி அவளுடைய மறு முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். லாரியின் படியில் மிர்லாந்தின் கால் பட்டதும், பக்கத்தில் தன் காலையும் வைத்தாள். "அப்ப நானும் ஏறுறேன்."

டிரைவர் கியரைப் போட்டான். "வண்டி நகர்ந்துச்சு, சாவியைப் புடுங்கி வயல்ல எறிஞ்சிடுவேன்" என்று அவன் தோளைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தால், எஸியின் பாவாடை ஓரம் நடுங்குகிறது. காற்றே இல்லை. திறந்த வீட்டுக்குள் நுழையக்கூடத் தயங்குகிற பெண் அவள்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் லாரியில் ஏறப் போகிறது என்றதும் நிழலில் உட்கார்ந்திருந்த மூத்த அதிகாரி எழுந்து வந்தார். அட்டையை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இது செல்லும். விடு" என்றார். மிர்லாந்திடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டையை எஸியின் கையில் கொடுத்தார். எஸி அதை மிர்லாந்திடம் கொடுத்தாள். லாரிக் கம்பியில் இருந்த விரல்கள் அப்படியேதான் இருந்தன. எஸி அவற்றைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்து வந்தாள்.

இருவரும் ஏறியதும் பஸ்ஸில் கைதட்டல். "எங்க டீச்சர்னா சும்மாவா!" என்று டிரைவர் பாட்டைச் சத்தமாக வைத்தான். யாரோ எஸிக்குத் தண்ணீர் நீட்டினார்கள். கடைசி வரிசையில் மிர்லாந்தின் இடத்தை அதற்குள் ஒரு மூட்டை பிடித்துவிட்டது. எஸியின் இடத்தை விட்டால், காலியாக இருந்தது குருசித்தாவின் பக்கத்து இருக்கை ஒன்றுதான். மிர்லாந்த் தயங்கித் தயங்கி அதை நெருங்கினாள். குருசித்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, ஈ ஓட்டுவதுபோல, தன் கைப்பையை எடுத்து அந்த இருக்கையில் வைத்தார்.

எஸி பார்த்தாள். கை உயரவில்லை, எதையும் கேட்கவில்லை. குனிந்து, அந்தப் பையை இரண்டு கையாலும் எடுத்து, குருசித்தாவின் மடியில் வைத்தாள். அவர் கைகள் மெதுவாக வந்து அதை வாங்கிக்கொள்ளும் வரை, விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.