கையுறை சொன்ன பதில்

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. பத்தொன்பது வருடமாக அவளுக்கு வாய் நான்தான். யோக்கியமான வாய் என்று சொல்ல மாட்டேன். பத்து வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. இன்னும் எப்போதாவது வரும். நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் யாருக்கும் தெரியாது. யாராவது சந்தேகப்பட்டுக் கேட்டுவிட்டால் அவளிடம் கையால் "பசிக்குதா?" என்று கேட்பேன். அவள் இல்லையென்று தலையாட்டுவாள். "வலிப்பெல்லாம் இல்லையாம்" என்று சொல்லி முடித்துவிடுவேன். கட்டிக்கொடுக்க வேண்டிய பெண், வேறென்ன செய்வது? அவளுக்கு இது தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

போன வருடம் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஒரு கையுறை செய்து அவளிடம் கொடுத்தார்கள். அதைப் போட்டுச் சைகை செய்தால் போன் பேசும். எதிரில் இருப்பவர் பேசுவது போனில் எழுத்தாக வரும். பிளாக்கே வாயைப் பிளந்தது. இனி எல்லாரும் அவளையே நேராகக் கேட்பார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் அவளுக்குக் கான்ட்ராக்ட் வேலை கிடைத்து, மெடிக்கல் டெஸ்டுக்குப் போனோம். கையுறையை வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லிப் பார்த்தேன். பஸ்ஸில் கையுறையும் கையுமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக அவளைக் கேட்டார்.

"வலிப்பு ஏதாவது வந்திருக்காம்மா?"

அவள் திரையைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடுவாளோ? வேலை போகும், விஷயம் ஊருக்குத் தெரியும், அப்புறம் எவன் பெண் கேட்டு வருவான்?

கையுறை அசைந்தது. "இல்லை" என்றது போன்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதற்குள் டாக்டர், "மெஷின் பக்கத்துல நிக்கிற வேலை, அதான் கேட்டேன்" என்றபடி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். ஓடுகிற மெஷின் மேல் இவள் விழுந்தால்? இத்தனை வருடம் நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை.

"இருக்குதுங்க சார்! போன தை மாசங்கூட வந்துச்சிங்க" என்று கத்திவிட்டேன்.

அதுவும் திரையில் எழுத்தாக வந்தது. அவள் படித்துவிட்டு, கையுறையைக் கழற்றி மேஜைமேல் போட்டாள். வெறுங்கையால், என் முகத்துக்கு நேராக, வேகவேகமாகச் சைகை செய்தாள்.

"என்னம்மா சொல்றா?" என்றார் டாக்டர்.

அன்றுதான் எதையும் மாற்றாமல் சொன்னேன்.

"இத்தினி வருசமா நீ சொன்னதத்தானே நானும் சொன்னேன், இப்ப நீ ஏன் மாத்தறேன்னு கேக்கறா சார்."