ஆந்திரா டவர்

சத்தியவேட்டுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் ஆந்திரா டவர் வேண்டுமென்றால் ஏரிக்கரை மேல் ஏற வேண்டும். வீட்டுக்குள் செல்போன் தமிழ்நாட்டு டவரைத்தான் பிடிக்கும். ஆந்திரா எங்கள் மாந்தோப்போடு முடிந்துவிடுகிறது. கோடு போட்டவர்கள் அலைகளுக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள் என்று வகுப்பில் கிண்டல் அடிப்பேன். ஹைஸ்கூலில் பிசிகல் சயின்ஸ் டீச்சர் நான், தெலுங்கு மீடியம். கயிற்றை ஆட்டிக் குறுக்கலை, ஸ்பிரிங்கை அமுக்கி நெட்டலை. ஒலி அலைக்குக் காற்றோ தண்ணீரோ வேண்டும், ரேடியோ அலைக்கு ஒன்றுமே வேண்டாம் என்பேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு எழுந்த என் அப்பா, நைனா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடத்திலேயே சாய்ந்தார். சட்டை முழுக்க வேர்வை.

"ஒன்னுமில்ல, வாயுதான். ஒரு சோடா வாங்கியா" என்றார்.

வாயு இல்லை என்று அவர் முகமே சொன்னது. ஊரிலிருந்த ஒரே காரும் திருச்சானூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தது. பைக்கில் உட்காரும் நிலையில் அவர் இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

"வணக்கம், சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல்.

மண்டல ஆபீஸ், பாங்க் என்று எங்கே போனாலும் தெலுங்கில் பேசிப் பழகியவள் நான். பதற்றத்தில் தெலுங்கு வாயில் வருமோ என்று பயந்துகொண்டிருந்தேன். தமிழைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாமியே அனுப்பிய ஆள் போல அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நெஞ்சுவலி, வேர்வை, வயது, தெரு, கோயிலுக்குப் பின்பக்கம் பச்சைக் கேட் வரைக்கும். இந்தக் குரல் எந்த டவரிலிருந்து வருகிறது என்று உறைக்கவே இல்லை.

"எந்த மாவட்டம்மா?" என்று கடைசியில் கேட்டாள்.

"திருப்பதி."

"அய்யோ, அது ஆந்திராம்மா. லைன்லயே இருங்க, மாத்தி விட முடியுதான்னு பாக்குறேன்."

கொஞ்ச நேரம் இசை ஓடியது. பிறகு லைன் அறுந்தது. மறுபடி போட்டேன். மறுபடி வணக்கம். போனைச் சுவரில் அடித்து உடைத்துவிடலாம் போலிருந்தது.

எதிர்வீட்டு அக்காவை அழைத்து நைனா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, ஏரிக்கரைக்கு ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. செட்டிங்கிலேயே டவரை மாற்றலாம் என்பார்கள். ஓடிய ஓட்டத்தில் என்னென்னவோ திறந்துகொண்டது, அதுமட்டும் கிடைக்கவில்லை. அலைநீளம், அதிர்வெண் என்று போர்டு போர்டாகக் கணக்குப் போட்டவளுக்குத் தேவையான ஒரு அலையைப் பிடிக்கத் துப்பில்லை. நான் படித்த படிப்பு நாசமாய்ப் போக என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே கரையேறினேன்.

மேலே நின்று மறுபடி போட்டதும் தெலுங்கு கேட்டது. "குண்டெ நொப்பி, குண்டெ நொப்பி" என்று நெஞ்சுவலியைத் தெலுங்கில் கத்தினேன். பச்சைக் கேட் வரைக்கும் மறுபடி சொன்னேன். அந்தப் பக்கத்து ஆள் பொறுமையாகக் கேட்டார். வண்டி கிளம்பிவிட்டது, போனை வைக்காதீர்கள் என்றார். வைத்துவிட்டுத் திரும்ப ஓடினேன்.

எங்கள் வாசலில் அக்கா தலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது.

"ஒன்னியத்தான் கூப்ட்டுக்கினே இருந்தாரு. நானும் தெருவுல வந்து நின்னு கத்தனேன். காதுல வுழலியா?"

விழவில்லை. கரையிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டு ஓடு தெரியும். அவ்வளவு பக்கம்தான். எங்கோ உட்கார்ந்திருந்த இரண்டு மாநிலத்துக்காரர்களும் என் குரலைத் தெளிவாகக் கேட்டார்கள். நைனா கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.