துறை மூடிய காலத்துத் தயிர்

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது. மணமானதும் ஆண்தான் தன் பெட்டியோடு பெண்வீடு புகுவான். மணம் முறிந்தால் அதே பெட்டியோடு வெளியேறுவான். ஆதலால் நாவற்குடாவில் என் பெற்றோர் பிரிந்தபோது சுவரைக் குறித்தோ கிணற்றைக் குறித்தோ வழக்கு எழவில்லை. பங்கிட வேண்டியிருந்தவர்கள் பிள்ளைகளாகிய நாங்கள் மட்டுமே. மூத்தவளாகிய என்னை அப்பா தம் மகள் என்று ஏற்றார். கைக்குழந்தையாகிய தம்பியை ஏற்க மறுத்தார்.

அப்பாவுக்கு எங்கள் ஊரை ஒட்டிய வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கமாக, வயல் இருந்தது. போர்க்காலத்தில் ஒருமுறை அவர் அறுவடைக்குச் சென்றிருந்த வேளையில் படையினர் வாவியைக் கடக்கும் தோணித்துறையை மூடினர். சுற்றுவழியும் அடைபட்டது. ஓராண்டு கடந்தும் துறை திறக்கவில்லை. ஒளித்துக் கடந்தவர் அகப்பட்டால், எதற்காகக் கடந்தார் என்று விளக்கும் முன்பே காணாமற் போய்விடக்கூடிய காலம் அது.

அந்த இடைவெளியில் எனக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. அம்மாவின் தம்பியாகிய என் மாமா வாவியில் மீன் பிடிப்பவர். அவர் எவ்வாறோ செய்தியை அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, ஒரு நண்பகலில் அவருடைய தோணியிலிருந்து அப்பா இறங்கி வந்தார். மீனவர் போலத் தோளில் வலை கிடந்தது. வாழ்நாளில் வலை வீசியறியாத மனிதர் அந்தக் கோலத்தில் கட்டிலருகே நின்றதைக் கண்டு, காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் அதே கோலத்தில் அவர் திரும்பிப் போனார். “அப்பா வந்ததை ஒருத்தருக்கும் சொல்லப்படாது மகள்” என்று மாமா சொல்லியிருந்தார். நானும் சொல்லவில்லை.

தம்பி பிறந்தபோது ஊரார் மாதங்களைக் கணக்கிட்டனர். துறை திறந்து அப்பா வீடு வந்த அன்று, அவருடைய அக்காவாகிய மாமி படலை வாசலில் நின்று அயலுக்கெல்லாம் கேட்கும்படி பேசினார்.

“என்ட தம்பி அக்கரையில வயல் வட்டைக்குள்ள கிடந்து காயுறான். இஞ்ச என்னடாண்டா தொட்டில் ஆடுது. வாவியக் கடந்து காத்திலயா இந்தப் புள்ள வந்த?”

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். ‘நான் வந்தேன்’ என்று அவர் சொல்லியிருந்தால் போதும். ஆனால் படலையில் சொன்ன சொல் பொழுது சாயுமுன் படையினரின் காவலரணை எட்டிவிடும். அப்பா வாய் திறக்கவில்லை. முதலில் அச்சத்தால் மௌனமானவர், ஊரார் அவருக்காக இரங்கி இரங்கி அவரை வஞ்சிக்கப்பட்ட கணவராக்கியபோது, அந்த வேடத்திலேயே நிலைத்துவிட்டார். பெட்டி வெளியேறியது. மணமுறிவு கோரி அறிவித்தலும் வந்தது. அதன் பின்னரே அம்மா, தம்பியின் பராமரிப்புச் செலவு கேட்டுத் தாபரிப்பு வழக்குத் தொடுத்தார். அவர் வேண்டியது பால்மாவுக்கான பணத்தை மட்டுமன்று. தம்பிக்கு ஒரு தகப்பன் பெயரையும்தான்.

மாமா சாட்சி சொல்ல ஆயத்தமாயிருந்தார்.

“நான்தானேக்கா கொண்டு வந்தன். கூண்டில ஏறிச் சொல்லுறன்.”

“சொல்லிப்போட்டு? மறுகா உன்ட பொஞ்சாதி எந்த ஆமிக் காம்பு வாசல்ல நிண்டு உன்னத் தேடுற? நீ கோட்டுப் பக்கமே வரப்படாது” என்றார் அம்மா.

விசாரணை நாளன்று தம்பியை என் மடியில் கிடத்திவிட்டு அம்மா கூண்டில் ஏறினார். துறை மூடியிருந்ததை அவர் ஒப்புக்கொள்கிறாரா என்று அப்பாவின் சட்டத்தரணி வினவினார்.

“ஓம்.”

“அப்படியென்றால் உங்கள் கணவர் எப்படி வந்தார்?”

“தோணியில.”

“யாருடைய தோணி?”

அம்மா தலையைத் திருப்பிப் பார்த்தார். சுவரோரம் காவலர்கள் வரிசையாக அமர்ந்திருந்தனர். எனக்கோ விடை தெரியும். பள்ளியிற் போலக் கையை உயர்த்தலாமா என்றுகூட எண்ணினேன்; மடியில் தம்பி உறங்கிக்கொண்டிருந்தான். தோணிக்காரனைக் காட்ட முடியாதென்றால் தோணியே இல்லை என்பதுதான் பொருள் என்று சட்டத்தரணி சொல்லிச் சிரித்தார். “வந்தவரிட்டக் கேளுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா இறங்கினார்.

அடுத்து அப்பா ஏறினார். நீதவான் முதியவர், அதுவரை அதிகம் பேசாதவர்.

“துறை மூடியிருந்த காலத்தில் இக்கரையில், டவுனில் நாங்கள் எருமைத் தயிர் சாப்பிட்டோம். எருமைப் பட்டிகள் எந்தக் கரையில் இருக்கின்றன?”

“படுவான்கரையில ஐயா.”

“அப்போ தயிர்ச் சட்டி நீந்தியா வந்தது?”

மன்றில் சிரிப்பு எழுந்தது. அப்பா சிரிக்கவில்லை.

“சட்டி வந்த வழியை நான் கேட்கவில்லை. மணம் நிலைத்திருக்கையில் பிறந்த பிள்ளை கணவனுடையது என்றே சட்டம் கொள்ளும். தான் மனைவியிடம் வந்திருக்கவே முடியாது என்பதைக் கணவன்தான் நிறுவ வேண்டும். ஊருக்கெல்லாம் தயிர் வந்திருக்கிறது. நீர் வந்தீரா, இல்லையா?”

அப்பா கூண்டின் விளிம்பைப் பிடித்தார். பின்னர் என் மடியைப் பார்த்தார்.

“வந்தன் ஐயா. புள்ள என்டதான்.”

எங்கள் சட்டத்தரணி இளைஞர். வெற்றிக் களிப்பில், வேண்டாத ஒரு கேள்வியையும் கேட்க எழுந்துவிட்டார். “யாருடைய தோணியில் வந்தீர்கள்?”

அம்மா இருக்கையிலிருந்து பாதி எழுந்தார். காவலருள் ஒருவர் தலை நிமிர்ந்தார்.

“ஆரும் கொண்டு வரல்ல. நானே வலிச்சு வந்தன்.”

அப்பா துடுப்பைத் தொட்டால் தோணி நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுழலும். அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இத்தனை பேர் நடுவே வீரம் பேசுகிறாரே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பிள்ளை அப்பாவுடையது என்றும், அவர் மாதந்தோறும் தாபரிப்புச் செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. மணமுறிவு பின்னர் வேறொரு மன்றில் நிறைவேறியது. அதை அம்மாவும் தடுக்கவில்லை.

நாங்கள் மன்றின் வெளி விறாந்தைக்கு வந்தபோது காவலர் இருவர் அப்பாவை நடுவில் விட்டு எதிரேயிருந்த காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போயினர். தாபரிப்புப் பணத்தை அங்கேதான் கட்ட வேண்டும் போலும் என்று நான் விளங்கிக்கொண்டேன். அம்மா பேருந்துக்குப் போகாமல், நிலைய வாசலைப் பார்த்தபடி ஒரு வாகை மரத்தடியில் அமர்ந்தார்.

“நாம வெண்டுட்டம்தானேம்மா. வீட்ட போவமே.”

“இரி மகள்.”

“பஸ் போகப்போகுது.”

“போகட்டும்.”

வெயில் தாழ்ந்த பின் அப்பா தனியே வெளியே வந்தார். சட்டையில் பொத்தான்கள் இல்லை; ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். அம்மா எழுந்தார். அப்பா எங்களைக் கண்டு நின்றார். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், அம்மா தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என் கையைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டார். ஒரு சொல்லும் பேசாமல் போவதற்கா இவ்வளவு நேரம் பசியோடு காத்திருந்தோம் என்று, வீடு சேரும்வரை நான் அம்மாவோடு கோபித்துக்கொண்டே போனேன்.