பாதியில் நின்ற பூச்சு

மூன்று வருடங்களுக்கு முந்தைய மாரிக்காலம். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். நாங்கள் குருநகரில் கடற்தொழில் செய்யும் குடும்பம். அதற்குச் சில காலம் முன்பு அண்ணனின் படகு எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோயிருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பின் உருக்குத் தண்டை உப்புத் தண்ணீர் அரித்து, மணல் தேய்த்துவிட்டது. இன்னொரு படகு கட்டி இழுத்து வந்ததால் ஆள் தப்பினார். அந்தத் தண்டைக் கையில் எடுத்துப் பார்த்த அன்றுதான், எதை ஆராய்வதென்று முடிவெடுத்தேன்.

எங்கள் முறை இதுதான். காற்றை அகற்றிய கலத்துக்குள் ஆர்கன் வாயுவையும் கொஞ்சம் நைதரசனையும் விட்டு மின்சாரம் கொடுத்தால், ஆர்கன் உலோகத் தகட்டில் மோதி அணுக்களைத் தெறிக்க வைக்கும். அவை அந்த நைதரசனோடு சேர்ந்து உருக்கின் மேல் படலமாகப் படியும். முதலில் தைத்தேனியம் (டைட்டானியம்) நைத்திரைட்டை ஒரே படலமாகப் பூசினேன். பொன் மாதிரி மின்னியது. ஆனால் கடல்நீரில் போட்டதும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே துரு கிளம்பியது. அடுத்ததாக, தைத்தேனியம், குரோமியம் இரண்டின் நைத்திரைட்டுகளையும் மாறி மாறி, நனோமீற்றர் தடிப்பில் அடுக்கடுக்காக, நூற்றுக்கணக்கான படைகளாகப் பூசத் தொடங்கினேன். ஒரு படையில் துளை விழுந்தாலும் அடுத்தது அதை மூடும் என்ற நம்பிக்கை.

அன்று பம்புத் தண்டின் துண்டுகளில் பாதிப் படைகள் படிந்திருந்தபோது ஆர்கன் தீர்ந்துவிட்டது. இணைப்பில் கசிவு. கொழும்பிலிருந்து அடுத்த சிலிண்டர் வரக் கிழமைக் கணக்காகும். மறுநாளோ இயந்திரத்தைத் திருத்த வேலைக்காகக் கழற்றப் போகிறார்கள். கலத்தைப் பாதியில் திறந்தால் காற்றுப் பட்டு, மேலே பூசுவது உரிந்துவிடும்.

"விடுவம், இனி என்ன செய்யிறது?" என்றாள் ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்த தோழி.

எனக்கு மனம் வரவில்லை. கலத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மழையில் ஸ்கூட்டியை எடுத்தேன். துருப்பிடிக்காத உருக்கில் வாசல் கேற் வெல்டிங் செய்து ஒட்டுபவர்களும் ஆர்கன் பாவிப்பார்கள். இரண்டு பட்டறைகளில் கைவிரித்தார்கள். மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு பட்டறையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மாடிப்படிக்குக் கைபிடி ஒட்டிக்கொண்டிருந்தார். நனைந்தபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"உது பூசினால் கடல் தண்ணி தின்னாதோ, பிள்ளை?"

"தெரியாது அண்ணை. அதைத்தான் பாக்கப்போறன்."

ஒட்டும் கருவியைக் கீழே வைத்தார். பிறகு சிலிண்டரை மூடினார்.

"சரி, கழட்டுவம்."

"உங்கடை வேலை?"

"கைபிடியை நாளைக்கும் ஒட்டலாம். உங்கடை மிஷினை நாளைக்குக் கழட்டிப்போடுவினமெண்டெல்லோ சொல்லுறியள்."

அன்றே கைபிடி வேண்டுமென்றிருந்த வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் விழுந்த ஏச்சு எனக்கே கேட்டது. சிலிண்டரைத் தன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அவரே வந்தார்.

வெல்டிங் ஆர்கன் எங்களுடையதைப் போல அவ்வளவு சுத்தமில்லை. கலத்துக்குள் துண்டுகளை மறைத்திருக்கும் மூடியைத் திறக்காமல் முதலில் ஓடவிட்டுப் பார்த்தேன். மின்சாரம் பாய்ந்த வாயுவின் ஊதா ஒளி கலங்காமல் நின்ற பிறகே அந்த மூடியைத் திறந்தேன். அவர் கலத்தின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, "எங்கடை நெருப்பு மாதிரி இல்லை, குளிர்ச்சியாக் கிடக்கு" என்றார். பூச்சு முடியும்வரை இருந்து, மிச்ச வாயுவோடு சிலிண்டரைத் திருப்பிக் கொண்டுபோனார்.

மாதக்கணக்கில் கடலில் கிடந்த தண்டுத் துண்டுகளை எடுத்தபோது, ஒன்றின் விளிம்பில் மட்டும் துரு. மற்றவை வழவழவென்றிருந்தன. பட்டறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த ஒண்டு மட்டும் ஏன் துருப்பிடிச்சது?"

அதற்குத்தான் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறேன். 'தெரியாது' என்று சொன்ன ஒருத்திக்காக முன்பின் அறியாத ஒருவர் தன் வேலையை நிறுத்தியதைப் பார்த்த பிறகு, தெரியாது என்பதற்காக எதையும் பாதியில் விட எனக்கு மனம் வருவதில்லை.