வெள்ளிக்கிழமைக்குத் திரும்பிய கணினி

திரை முழுக்கக் கறுப்பு. இடது மூலையில் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு சின்ன வெள்ளைக் கோடு. எந்தக் கணினி அப்படி நின்றாலும் இன்றைக்கும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவேன். செக்காலை ரோட்டில், போட்டோ ஸ்டூடியோவில், எடிட்டிங் அக்காவோடு நான் வேலை பார்த்த நாளில் ஒரு முகூர்த்த ஞாயிறன்று எங்கள் மெஷின் அப்படித்தான் நின்றது. லினக்ஸ் அப்டேட் ஓடி முடிவதற்குள் பொறுமையில்லாமல் அதை அணைத்துப் போட்டவன் நான்தான்.

காலைக் கல்யாணத்தின் வீடியோ முழுவதும் அந்த மெஷினில் மட்டும்தான் இருந்தது. முகூர்த்த நாளில் மெமரி கார்டுகளை உடனே காலி செய்து அடுத்த விசேஷத்துக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். அந்தக் கார்டுகளோடு அக்கா ஒக்கூரில் ரிசப்ஷன் எடுத்துக்கொண்டிருந்தார். போன் செய்தேன். "வெள்ளிக்கிழமை மெஷின அப்படியே நகலெடுத்து வச்ச ஸ்னாப்ஷாட் இருக்கு, சிஸ்டத்த அன்னைக்கி இருந்தபடி கொண்டாந்துரலாம். ஆனா நான் வர்ற வரைக்கும் கைய வைக்காத தம்பி," என்றார்.

எனக்கா இருப்புக் கொள்ளும்? உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசல் வரை போய் வந்தேன். கடைசியில் பென்டிரைவை வைத்து மெஷினைக் கிளப்பி ரீஸ்டோரை அழுத்திவிட்டேன். கால் மணி நேரத்தில் கணினி ஜம்மென்று எழுந்தது. நானும் கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டே ஃபோல்டரைத் திறந்தால், காலைக் கல்யாணம் இல்லை. ஸ்னாப்ஷாட்டில் சிஸ்டம் மட்டும் இருந்தால் போதும். எல்லாம் இருந்தால் இன்னும் பத்திரம் என்று, எங்கள் வீடியோக்கள் இருக்கும் ஃபோல்டரையும் போன மாதம் அதில் சேர்த்துவைத்த அதிமேதாவியும் நான்தான். அதனால் சிஸ்டத்தோடு வீடியோக்களும் வெள்ளிக்கிழமைக்கே போய்விட்டன; அதற்குப் பிறகு ஏற்றியதெல்லாம் அழிந்துவிட்டது. அக்கா வந்து என்னென்னவோ செய்து பார்த்தார். ஒரு காட்சிகூட உருப்படியாகக் கிடைக்கவில்லை.

மறுநாள் கல்யாணப் பெண்ணின் தாயார் வந்தார். தாலி கட்டுவதை அவர்கள் வீட்டில் திருப்பூட்டுவது என்பார்கள். "என்ன இப்புடிப் பண்ணிட்டீக? திருப்பூட்டுனதுகூடவா இல்ல?" என்று கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "நான்தான் போன்ல செய்யச் சொன்னேன்," என்றார்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அன்றே அக்காவுக்கு வேலை போயிற்று. அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தேன், வெட்கங்கெட்டவன். எனக்கு மகள் பிறந்து அன்றோடு பத்து நாள். ஆட்டோ கிளம்பும்போது அக்கா தலையை வெளியே நீட்டி, "புள்ளைக்குப் பேரு வச்சாச்சா தம்பி?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லக்கா," என்றேன். மகள் இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். நான் அதே ஸ்டூடியோவில், அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.